ஸ்கேன் படத்தில் சாதி தெரியுமா?

மனநோய் வந்த ஒருவரைப் பற்றி நம்மைச் சுற்றி இரண்டு பேச்சுகள் அடிக்கடி கேட்கின்றன. ஒன்று: "தலைக்கு ஸ்கேன் எடுத்துப் பாத்தாச்சு, ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. சும்மா நடிக்கிறான்." இன்னொன்று: "அவனுக்கு மூளையிலேயே கோளாறு. அதுக்கு யார் என்ன செய்ய முடியும்?" முதல் பேச்சு வீட்டிலும் தெருவிலும் வேலை கொடுப்பவரிடமும் கேட்கும். இரண்டாவது பேச்சு கொஞ்சம் படித்தவர்களிடமிருந்தும் நிர்வாகங்களிடமிருந்தும் வரும்.

இரண்டுமே ஸ்கேனைச் சாட்சிக்கு இழுக்கின்றன. இரண்டுமே அறிவியல் சொல்லாததைச் சொல்கின்றன. இதற்கு அதிக விலை கொடுப்பவர்கள் நம் மக்கள். கம்மலை அடகு வைத்து எம்.ஆர்.ஐ. எடுத்த குடும்பம் "நார்மல்" என்ற ஒற்றை வார்த்தையோடு திரும்புகிறது. மறுவாரமே மாத்திரையை நிறுத்திவிட்டுக் கோடாங்கியிடம் போகிறது. விடுதியில் உடைந்துபோன மாணவரின் கோப்பில் "மனநலப் பிரச்சினை" என்று ஒரு வரி ஏறியதும், அவரை உடைத்தவர்களைப் பற்றிய பக்கங்கள் காணாமல் போகின்றன. மூளைப் படங்கள் பற்றிய ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன என்பதை மருத்துவம் படிப்பவர்கள் மட்டுமல்ல, நாம் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

கண்டுபிடித்தது என்ன?

1976ல் லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டன், டிம் குரோ ஆகியோரின் குழு, நெடுங்காலம் மனச்சிதைவு நோயுடன் வாழ்ந்த 17 பேரின் மூளையை அப்போது புதிதாக வந்திருந்த சி.டி. ஸ்கேனில் பார்த்தது. மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள் உண்டு. நோயில்லாதவர்களோடு ஒப்பிட்டபோது இவர்களுக்கு அந்த அறைகள் பெரிதாக இருந்தன. மனச்சிதைவுக்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்று மருத்துவர்களில் ஒரு சாராரே சொல்லிவந்த காலம் அது. பிள்ளையின் நோய்க்குத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நிறுத்த இத்தகைய ஆய்வுகள் உதவின. அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை.

பிறகு எம்.ஆர்.ஐ. வந்தது. ஆயிரக்கணக்கான ஆய்வுகள் வந்தன. பல நாட்டு ஆய்வகங்கள் தங்கள் தரவுகளை ஒன்றாகச் சேர்த்த எனிக்மா கூட்டமைப்பு, மனச்சிதைவு நோயாளிகள் 2,028 பேரையும் நோயில்லாத 2,540 பேரையும் ஒப்பிட்டது. நினைவுக்கும் உணர்வுக்கும் முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி நோயாளிகளுக்குச் சராசரியாகச் சற்றுச் சிறியதாக இருந்தது. மனச்சோர்வு நோய்க்கு 1,728 நோயாளிகளையும் நோயில்லாத 7,199 பேரையும் ஒப்பிட்டார்கள். அங்கும் ஹிப்போகேம்பஸ் சிறியதுதான். ஆனால் வித்தியாசம் இன்னும் மிகச் சிறியது. அதுவும் நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களிடம்தான் தெரிந்தது. முதல்முறை நோய் வந்தவர்களிடம் தெரியவில்லை.

இங்கே "சராசரியாக" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு ஊர்ப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு மாணவர்களின் உயரத்தை அளக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பள்ளியின் சராசரி மற்றதைவிட அரை அங்குலம் குறைவு. கணக்குச் சரிதான், வித்தியாசமும் உண்மைதான். இப்போது சாலையில் ஒரு மாணவன் நடந்து வருகிறான். அவன் உயரத்தை மட்டும் பார்த்து அவன் எந்தப் பள்ளி என்று சொல்ல முடியுமா? முடியாது. இரண்டு பள்ளியிலும் குட்டையானவர்களும் உண்டு, நெட்டையானவர்களும் உண்டு.

மூளைப் படத்தின் கதையும் இதுதான். 2022ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் மனச்சோர்வு நோய் உள்ள 861 பேரையும் இல்லாத 948 பேரையும் பலவகை ஸ்கேன்களில் பார்த்தார்கள். மூளையின் அமைப்பு, இணைப்புகள், செயல்பாடு என எதை அளந்தாலும் இரு குழுவின் அளவுகளும் 87 முதல் 95 சதவீதம் வரை ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. அந்த அளவுகளை வைத்துத் தனி ஒருவர் நோயாளியா இல்லையா என்று சொல்ல முயன்றபோது சரியாக வந்தது 54 முதல் 56 சதவீதம். காசைச் சுண்டிவிட்டுச் சொன்னாலே 50 சதவீதம் சரியாக வரும்.

மருத்துவர்கள் இதை அறிவார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேட்டிலோ, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலோ, மனச்சிதைவையோ மனச்சோர்வையோ இருமுனைக் கோளாறையோ உறுதிசெய்ய ஸ்கேன் ஒரு நிபந்தனையாக இல்லை. மனநோய் பேச்சிலிருந்தும், நடத்தையிலிருந்தும், எவ்வளவு நாளாக, எந்த அளவுக்கு வாழ்க்கையைக் குலைத்திருக்கிறது என்ற விசாரணையிலிருந்தும்தான் அறியப்படுகிறது.

"நார்மல்" என்றால் நடிப்பு அல்ல

அப்படியானால் மருத்துவர் ஏன் சில நேரம் ஸ்கேன் எழுதித் தருகிறார்? மூளையில் கட்டி, ரத்தக் கசிவு, தலையில் அடி, வலிப்பு, நாடாப்புழு முட்டையால் வரும் கட்டி ஆகியவையும் மனநோய் போன்ற அறிகுறிகளைக் காட்டலாம். அவை இல்லை என்று உறுதிசெய்து கொள்ளத்தான் அந்த ஸ்கேன். முதல்முறை திடீரெனக் குழப்பம் வந்தவருக்கும், வலிப்போடு வந்தவருக்கும், வயதான காலத்தில் முதன்முதலாக மாறிப்போனவருக்கும் அது தேவைப்படலாம். மருத்துவர் காரணம் சொல்லிக் கேட்டால் எடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தத் தாளில் "நார்மல்" என்று வந்தால் அதன் பொருள் ஒன்றுதான்: கட்டி இல்லை, கசிவு இல்லை. காதில் குரல் கேட்கவில்லை என்று அதற்குப் பொருளில்லை. மூன்று மாதமாகத் தூங்காத மனிதர் நன்றாகத் தூங்குகிறார் என்று பொருளில்லை. அவருடைய துன்பம் பொய் என்று நிச்சயமாகப் பொருளில்லை. கூலி வேலைக்குப் போகாத மகனை "சோம்பேறி, நடிப்பு" என்று அடிக்கக் கை ஓங்கும் வீட்டில் இந்த ஒரு விஷயத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்வதே பெரிய வேலை.

வண்ணப் படங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. நாளிதழ்களில் சிவப்பும் மஞ்சளுமாக ஒளிரும் மூளைப் படங்கள் வருகின்றன. அவை புகைப்படங்கள் அல்ல. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுகிறது. அந்த மிகச் சிறிய மாற்றத்தைக் கணினி பல கட்டங்களாகக் கணக்கிட்டு, இவ்வளவுக்கு மேல் போனால் வண்ணம் பூசு என்று வரையறுத்து உருவாக்கும் வரைபடம் அது. கணக்கைக் கவனமில்லாமல் போட்டால் என்ன ஆகும் என்று காட்ட, 2009ல் அமெரிக்க ஆய்வாளர்கள் செத்துப்போன ஒரு சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். பிழைத்திருத்தம் செய்யாத கணக்கில் செத்த மீனின் மூளையும் "வேலை செய்தது". 2020ல் ஒரே ஸ்கேன் தரவை 70 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்து 9 கேள்விகளுக்கு விடை கேட்டார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் கணக்குப் போடவில்லை. பல கேள்விகளுக்கு முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. 2022ல் சுமார் 50,000 பேரின் தரவை அலசிய இன்னோர் ஆய்வு, மூளை அளவுக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பை நம்பகமாகச் சொல்ல ஆயிரக்கணக்கானவர்கள் தேவை என்று காட்டியது. அதுவரை இத்துறையில் வழக்கமான ஆய்வின் அளவு சுமார் 25 பேர்.

இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொன்னவர்களும் விஞ்ஞானிகளே. தன் கணக்கைத் தானே சந்தேகிக்கும் அந்தப் பண்புதான் அறிவியலின் பலம். நாம் எதிர்ப்பது ஸ்கேனரை அல்ல. அதன் பெயரால் சொல்லப்படும் அவசரத் தீர்ப்புகளைத்தான்.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

சராசரியில் ஒரு வித்தியாசம் இருப்பது உண்மை என்று வைத்துக்கொண்டால், அடுத்த கேள்வி: அது எதனால் வந்தது? படம் இதற்குப் பதில் சொல்லாது. இருப்பதைத்தான் காட்டும், வந்த வழியைக் காட்டாது.

ஒரு வழி, நோயே. இன்னொரு வழி, மருந்து. 2011ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மனச்சிதைவு நோயாளிகள் 211 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஸ்கேன் செய்து, அதிக மருந்து எடுத்தவர்களிடம் மூளையின் கனஅளவு அதிகம் குறைந்திருப்பதைக் காட்டியது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் நோய் பெரும் வேகத்தோடு திரும்பும். தேவையான குறைந்த அளவு எது என்று மருத்துவரிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்பதே இதில் கற்க வேண்டியது.

மூன்றாவது வழி, வாழ்க்கை. லண்டன் நகரத்தின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்யும் டாக்சி ஓட்டுநர்களுக்கு ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெரிதாக இருப்பதை 2000ல் கண்டார்கள். உழைப்பும் பயிற்சியும் மூளையை மாற்றுகின்றன என்றால், பசியும் பயமும் அவமானமும் மாற்றாதா?

2023ல் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. அமெரிக்காவில் 9, 10 வயதுள்ள வெள்ளையினக் குழந்தைகள் 7,350 பேர், கறுப்பினக் குழந்தைகள் 1,786 பேர். உணர்வையும் அச்சத்தையும் கையாளும் அமிக்டலா, ஹிப்போகேம்பஸ், முன்மூளைப் பகுதிகளில் கறுப்பினக் குழந்தைகளின் அளவு சராசரியாகச் சற்றுக் குறைவாக இருந்தது. பழைய நிறவெறி விஞ்ஞானி இத்தோடு நிறுத்தியிருப்பான். இந்த ஆய்வாளர்கள் நிறுத்தவில்லை. குடும்ப வருமானம், பெற்றோரின் வேலையின்மை, வசிக்கும் பகுதியின் வறுமை, அனுபவித்த அதிர்ச்சிகள் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தார்கள். சேர்த்ததும் வித்தியாசம் சுருங்கியது. எல்லாவற்றிலும் அதிகமாகத் தொடர்பு காட்டியது குடும்ப வருமானம். இந்தக் குழந்தைகள் நோயாளிகள் அல்ல என்பதையும், இது சராசரிதான், எந்தக் குழந்தையின் எதிர்காலமும் இதில் எழுதப்படவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் ஒரு தொடக்கம் உண்டு. 6 முதல் 23 வயது வரையிலான 1,014 பேரை ஐந்து இடங்களில் ஆராய்ந்து 2023ல் வெளியான ஓர் ஆய்வு, உடலில் ஆர்சனிக் நச்சு சேர்ந்த அளவுக்கும் மூளையின் சாம்பல் நிறப் பகுதி குறைவதற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. எந்தத் தண்ணீரை யார் குடிக்க நேர்கிறது என்பது இந்த நாட்டில் எப்படி முடிவாகிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்கேன் படத்தில் சாதி தெரியாது. பறையர் மூளை, அய்யர் மூளை என்று எந்த மூளையும் கிடையாது. சாதி ஒருவரை வாழவைக்கும் வாழ்க்கையின் தடம் வேண்டுமானால் மூளையில் பதியலாம். பதிந்த தடம் நிலையானதும் அல்ல. 1992ல் வெளியான ஓர் ஆய்வில், எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மாத்திரையும் மற்றொரு பகுதியினருக்குப் பேச்சும் பயிற்சியுமான சிகிச்சையும் தரப்பட்டன. குணமடைந்தவர்களின் மூளையில் இரண்டு வகையிலும் ஒரே பகுதியில் மாற்றம் தெரிந்தது. மூளை வாழ்க்கையோடு சேர்ந்தே மாறுகிறது.

அளவுகோலை நாம் முன்பே பார்த்திருக்கிறோம்

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்பவர்கள் வரலாற்றைத் திரும்பிப் பார்க்கட்டும். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அளந்து, அகலம் கூடக் கூடச் சாதியின் மதிப்புக் குறையும் என்று எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் முன்னோர்களின் மண்டையையும் மூக்கையும் அளவுக்கருவி கொண்டு அளந்து தள்ளினார். 1909ல் வந்த அவருடைய ஏழு தொகுதிகள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. 1948ல் தீண்டப்படாதோர் பற்றிய நூலில் அண்ணல் அம்பேத்கர் இதே மூக்களவுக் கணக்குகளை எடுத்துவைத்துக்கொண்டு, பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் ஒரே இனம் என்பதைத்தான் இவை காட்டுகின்றன என்று நிறுவினார். அளவைக் கண்டு அவர் ஓடவில்லை. வாங்கி, சரிபார்த்து, அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். நாம் பின்பற்ற வேண்டிய முறை அதுதான்.

மண்டைக்கு வெளியே அளந்தவர்கள் பிறகு உள்ளேயும் வந்தார்கள். 1967ல் டெட்ராய்ட் நகரில் கறுப்பின மக்கள் கொந்தளித்தபோது, பாஸ்டனைச் சேர்ந்த இரண்டு மூளை அறுவை மருத்துவர்களும் ஒரு மனநல மருத்துவரும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். சேரியில் வாழும் எல்லோரும் கலவரம் செய்யவில்லையே, செய்தவர்களின் மூளையில் ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா என்பது அதன் சாரம். வறுமையும் போலீஸ் அடியும் கண்முன்னே இருக்க, கோபப்பட்டவனின் மண்டையைத் திறந்து காரணம் தேடச் சொன்னார்கள்.

நம் நாட்டில் "பிரெய்ன் மேப்பிங்" என்ற பெயரில் மூளை அலைகளை அளந்து உண்மையைக் கறக்கப் போவதாகக் காவல்துறை கிளம்பியது. சம்மதமில்லாமல் யாருக்கும் அதைச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010ல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது. காவல் நிலையங்களோடு வேலையிருக்கும் நம் தோழர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு அது.

"மூளையிலேயே கோளாறு" என்ற பேச்சின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. மனநோயை மூளை, மரபணு நோய் என்று மட்டும் விளக்கினால் மக்கள் நோயாளியைக் குறை சொல்வது குறைகிறது, ஆனால் இவர் தேறமாட்டார் என்ற அவநம்பிக்கை கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2013ல் காட்டியிருக்கிறார்கள். பிறப்பிலேயே முடிந்துபோனது, மாற்ற முடியாது என்ற இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதா? இதைத்தானே மனு சொன்னார்?

2016ல் ரோஹித் வெமுலா. 2019ல் ஆதிவாசி மருத்துவர் பாயல் தத்வி. இவர்களுக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர். ஒவ்வொரு முறையும் விவாதம் இறந்தவரின் மனதுக்குள் திருப்பப்படுகிறது. 2007லேயே தோரட் குழு, டெல்லி எய்ம்ஸ் போன்ற உயர்ந்த மருத்துவ நிறுவனத்திலேயே தலித், ஆதிவாசி மாணவர்கள் எப்படி ஒதுக்கப்படுகிறார்கள் என்று பதிவுசெய்தது. அந்த அறிக்கையைத் தூசி தட்டாமல், ஆலோசகர் ஒருவரை நியமித்துவிட்டுக் கடமை முடிந்தது என்கிறார்கள். ஆலோசகர் வேண்டும், கட்டாயம் வேண்டும். சாதி என்ற சொல்லைக் கேட்டதும் பேச்சை மாற்றாத ஆலோசகர் வேண்டும். கூடவே, துன்புறுத்தியவர் மீது நடவடிக்கையும் வேண்டும்.

நம் தரப்பிலும் ஒரு பேச்சு

எதிர்த் திசையில் ஒரு பேச்சு நம் தோழர்களிடமும் உண்டு. "மனநோய் என்பதே கட்டுக்கதை, எல்லாம் சமூகம்தான், மாத்திரை கம்பெனிக்காரனின் சூழ்ச்சி." கேட்கப் புரட்சிகரமாக இருக்கும். ஆனால் இரவெல்லாம் குரல்கள் துரத்தும் ஒருவருக்கு, சாதி ஒழியும்வரை பொறு என்று சொல்ல நாம் யார்? மனச்சிதைவுக்கு மாத்திரை பலரை மனிதர்களோடு மனிதர்களாக வாழ வைத்திருக்கிறது. மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையும் மருந்தும் உயிர் காத்திருக்கின்றன. மருந்து எடுப்பது போராட்டத்தில் தோற்பது ஆகாது. நீரிழிவுக்கு மாத்திரை போடும் தோழரை யாரும் கேலி செய்வதில்லையே.

நம் மக்களின் பெரிய துன்பம் சிகிச்சை கிடைக்காததுதான். 2015-16ல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றது. சிகிச்சை இல்லாத இடத்தில் சங்கிலி வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்து போனார்கள். அவர்களில் எவருக்கும் ஸ்கேன் எடுக்காதது பிரச்சினை இல்லை. பக்கத்தில் ஒரு மருத்துவரும் மாத்திரையும் இல்லாததுதான் பிரச்சினை.

அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தை 13 ஆண்டுகள் நடத்திய தாமஸ் இன்செல், மூளை, மரபணு ஆய்வுகளுக்குச் சுமார் 2,000 கோடி டாலர் செலவிட்டும் தற்கொலைகளையோ மருத்துவமனைச் சேர்க்கைகளையோ குறைக்க முடியவில்லை என்று பதவியிலிருந்து இறங்கிய பின் ஒப்புக்கொண்டார். ஆய்வு நடக்கட்டும். ஆனால் எதற்கு முதலில் காசு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

முதலில் சட்டத்தைப் படிப்போம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3வது பிரிவு, ஒருவரின் அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, சமூகத்தில் நிலவும் ஒழுக்க, அரசியல் மதிப்பீடுகளுக்கு அவர் ஒத்துப்போகாததை வைத்தோ அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. சாதி மறுத்துக் காதலித்த பெண்ணுக்குப் "பைத்தியம்" என்று சான்றிதழ் வாங்கப் பார்ப்பவர்களிடம் இந்தப் பிரிவைக் காட்டுங்கள். 18வது பிரிவு, சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடும் இல்லாமல் சிகிச்சை பெறும் உரிமையையும், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவச சிகிச்சையையும் தருகிறது. 95வது பிரிவு சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது.

அடுத்து, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் நம் வட்டார மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார், மாத்திரை இருப்பில் இருக்கிறதா என்று நேரில் போய்க் கேட்போம். வரவில்லை என்றால் மனுக் கொடுப்போம். சாலைக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் போராடிய நமக்கு இது தெரியாத வேலை அல்ல.

மூன்றாவது, மருத்துவமும் உளவியலும் புள்ளியியலும் படிக்கும் நம் பிள்ளைகள் இந்த ஆய்வுகளுக்குள் போக வேண்டும். யாரை ஸ்கேனருக்குள் படுக்க வைத்தார்கள், எத்தனை பேர், வருமானம் கேட்டார்களா, சாதி கேட்டார்களா, மருந்தைக் கணக்கில் எடுத்தார்களா என்று கேட்பவர்கள் அந்த அறைக்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் சாதியைக் கேட்காமல் செய்யும் மனநல ஆய்வு பாதி ஆய்வுதான்.

கடைசியாக, நம் அமைப்புகளுக்குள் யாராவது கூட்டத்துக்கு வராமல் ஒதுங்கினால், தூங்காமல் சுற்றினால், வாழ வேண்டாம் என்று பேசினால், "மன உறுதி இல்லாதவர்" என்று பட்டம் கட்ட வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். மருத்துவரிடம் கூடப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண் எந்த நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள் என்று அவரிடம் கேளுங்கள். அதை எந்த ஸ்கேனரும் கேட்காது, நாம்தான் கேட்க வேண்டும்.